தந்தி, ஷானன், தம்பியின் விஸ்காம்

போன மாசம் மதுரைக்குப் போயிருந்தப்போ வீட்ல ஒரே பஞ்சாயத்து. பிளஸ் டூ முடிச்ச தம்பி விஸ்காம் சேரணும்கிறான், அப்பா கூடவே கூடாதுங்கிறார்.

"நோட்டீஸ் எழுதவும் கேமரா பிடிக்கவும் மூணு வருஷம் காலேஜா? அண்ணனைப் பாரு. எலெக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன் படிச்சு பெங்களூர்ல இருக்கான்."

"நானும் கம்யூனிகேஷன்தாம்ப்பா படிக்கப்போறேன்" என்றான் தம்பி. நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு மாடிக்கு ஓடிவிட்டேன் :-)

ஆனால் ராத்திரி தூக்கம் வரவில்லை. பிளஸ் டூவில் எனக்கும் இதே ஆசை இருந்தது. அதை வாயைத் திறந்து கேட்கக்கூட தைரியம் இல்லை. இவன் கேட்டுவிட்டான். அதனால் இந்தப் படிப்பெல்லாம் எங்கிருந்து வந்தது என்று தேட ஆரம்பித்தேன்.

இந்தியாவில் பத்திரிகைத் தொழிலைக் கல்லூரிப் பாடமாக்க முதலில் முயன்றவர் அன்னி பெசன்ட். 1920-ல், சென்னை அடையாறில். அது நீடிக்கவில்லை. 1941-ல் லாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழகமும் 1947-ல் சென்னைப் பல்கலைக்கழகமும் இதழியல் படிப்பு தொடங்கின. அப்போது நம்ம மதுரையில் பல்கலைக்கழகமே கிடையாது. அது வந்தது 1966-ல்தான்.

பல்கலைக்கழகம் இல்லையே தவிர பாடம் நடந்துகொண்டுதான் இருந்தது. 1942 நவம்பர் 1-ம் தேதி மதுரையில் 'தந்தி' என்று ஒரு நாளிதழ் வெளிவந்தது. இன்றைய தினத்தந்தி. ஆரம்பித்தவர் சி.பா.ஆதித்தனார். காயாமொழிக்காரர், லண்டனில் பாரிஸ்டர் படித்து சிங்கப்பூரில் வக்கீலாக இருந்தவர். உலகப் போர் நேரம், காகிதத்துக்கே தட்டுப்பாடு. அந்தக் காலத்தில் சுதேசமித்திரன், தினமணி எல்லாம் பெரும்பாலும் படித்தவர்கள் வீட்டுக்குப் போன பத்திரிகைகள். இவர் குறிவைத்தது எழுத்துக் கூட்டிப் படிக்கிற ஆளை.

அதற்காகத் தன் ஆட்களுக்கு எழுதும் முறையையே கற்றுக்கொடுத்தார். பிற்பாடு 'இதழாளர் கையேடு' என்று புத்தகமாகவும் எழுதினார். சாரம் ரொம்ப எளிது. ஜனங்க பேசுகிற தமிழில் கொச்சையை மட்டும் எடுத்துவிட்டு எழுது, வாக்கியத்தைச் சின்னதாக வை, புரியாத சொல்லைப் போடாதே. பேப்பர் பெயருக்கு ஏற்ற மாதிரிதான். தந்தி அடிக்கும்போது சொல்லுக்குக் காசு. யாரும் வளவளவென்று அடிக்க மாட்டார்கள். (நிஜத் தந்தி 2013 ஜூலையில் போய்ச் சேர்ந்துவிட்டது. பாவம்.)

இப்போ என் சப்ஜெக்டுக்கு வருகிறேன். 1948-ல் பெல் ஆய்வகத்தில் இருந்த கிளாட் ஷானன் ஒரு கட்டுரை எழுதினார். அனுப்புபவர், சேனல், இரைச்சல், பெறுபவர் என்று அவர் போட்ட படத்தை மூணாவது வருஷம் மனப்பாடம் பண்ணித்தான் நான் பாஸானேன். தம்பி எங்கிருந்தோ இரவல் வாங்கி வந்த விஸ்காம் புத்தகத்தைப் புரட்டினால் முதல் பாடத்திலேயே அதே படம்! 1949-ல் வாரன் வீவரோடு சேர்ந்து அது புத்தகமாக வந்தபிறகு, மீடியா படிப்புக்காரர்களும் அதை எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

ஒரு வித்தியாசம் இருக்கிறது. செய்திக்கு என்ன அர்த்தம் என்பது இன்ஜினியரின் பிரச்சினை இல்லை என்று ஷானனே அந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் ஒதுக்கிவிடுகிறார். அவர் கவலை சிக்னல் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததா என்பதுதான். ஆதித்தனார் கவலைப்பட்டது அதற்கு அப்புறம் நடப்பதைப் பற்றி. பேப்பர் கைக்கு வந்துவிட்டது, சரி, படித்தவனுக்குப் புரிந்ததா? என் டிகிரியில் இருக்கிற கம்யூனிகேஷன் முதல் கேள்வி. தம்பி கேட்கிற கம்யூனிகேஷன் இரண்டாவது கேள்வி. அதற்கு மூணு வருஷம் அதிகமில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பிறகு நாகமலை பக்கம் காமராசர் பல்கலைக்கழகத்தில் இதழியல் துறை வந்தது, கல்விப் படங்கள் எடுக்கிற மல்டிமீடியா மையமும் வந்தது. 1993-ல் சன் டிவி தொடங்கி, தனியார் சேனல்கள் பெருகப் பெருக விஸ்காம் படிப்பும் ஊர் ஊராகப் பரவியது. ஆனால் தம்பி வைத்திருந்த புத்தகத்தில் ஷானன் இருக்கிறார், மதுரைத் தந்தி கதை ஒரு வரி இல்லை. அதுதான் எனக்கு வருத்தம்.

மறுநாள் காலையில் அப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "உங்க தாத்தா மூணாங்கிளாஸ்தான். உசிலம்பட்டி டீக்கடையில தந்தியைச் சத்தமா படிப்பாரு. சுத்தி பத்து பேர் உட்கார்ந்து கேட்பாங்க" என்றார்.

"அந்தப் பத்து பேருக்கும் புரியிற மாதிரி எழுதுறதுதாம்ப்பா இவன் படிக்கப் போறது."

"அதெல்லாம் சரி. வேலை கிடைக்குமா?"

உண்மையைச் சொன்னால், அதற்கு என்னிடம் பதில் இல்லை. என் ஃபீல்டிலேயே அடுத்த வருஷம் யாருக்கு வேலை இருக்கும் என்று சொல்ல முடியவில்லை. அதையே சொன்னேன். அப்பா ஒன்றும் பேசாமல் குளிக்கப் போய்விட்டார்.

சாயந்திரம் பஸ் ஏறும்போது தம்பி போன் பண்ணினான். "அண்ணே, அப்ளிகேஷன் என்ன விலைன்னு அப்பா கேட்கிறாருண்ணே."