கியூபாவில் இருமுறை மங்கிய பார்வை

ஸ்பானிய ஆட்சியின் அந்திமக் காலத்தில், புரட்சிக்காரர்களுக்குக் கிராமத்தார் சோறிடுவதைத் தடுக்கும் பொருட்டுத் தளபதி வெய்லர் கியூபாவின் நாட்டுப்புற ஜனங்களை வீடு வாசல்களினின்றும் பெயர்த்துக் காவல் சூழ்ந்த பட்டணங்களில் கொண்டுவந்து அடைத்தார். விளைநிலங்கள் தரிசாயின, பட்டினியும் நோயும் லட்சத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயின. இதன்மேல் 1898-ஆம் ஆண்டு ஏப்ரலில் அமெரிக்கக் கடற்படை துறைமுகங்களை முற்றுகையிட, வந்துகொண்டிருந்த சொற்ப ஆகாரமும் நின்றது. அச்சமயத்தில் மத்தான்சாஸ் நகரத்து வைத்தியரான தொமிங்கோ மதான், தம்மிடம் வந்தவர்களிடத்தே பாத எரிச்சலும் பார்வை மங்கலும் கண்டு, அவற்றைக் கவனமாகக் குறித்துவைத்தார். ஆகாரத்தின் குறைவே காரணமென்று ஊகிக்கலாமேயன்றி, எந்தச் சத்தின் குறைவு என்று சொல்ல அன்று யாராலும் இயலவில்லை. வைட்டமின் என்ற பெயரையே காசிமிர் பங்க் 1912-இல்தான் சூட்டினார்.

ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு சென்றது. சோவியத் ஒன்றியம் குலைந்து, அங்கிருந்து வந்த பெட்ரோலும் தானியமும் அற்றுப்போன 1991-ஆம் ஆண்டின் இறுதியில், சுருட்டுப் புகையிலைக்குப் பேர்போன பினார் தெல் ரியோ மாகாணத்தில் சிலர் கண் தெரியவில்லையென்று வைத்தியரை நாடினர். எதிரே நிற்பவரை நோக்கினால் முகம் இருக்கவேண்டிய இடத்தில் புகைத்திட்டு ஒன்று. தோளும் கையும் பின்னாலுள்ள சுவரும் நன்றாகவே தெரியும். சிவப்புத் துணி வெளிறித் தோன்றும். தடுக்கி விழாமல் தெருவில் நடந்து வருகிறவருக்குக் கையிலுள்ள கடிதத்தை வாசிக்க முடியாது. 1993-க்குள், கண் நரம்போ கைகால் நரம்புகளோ இவ்வாறு பழுதுற்றோர் 50,000-க்கு மேலாயினர்.

விழித்திரையின் நடுவினின்றும் மூளையை நோக்கிச் செல்லும் நரம்பிழைகள் மிக மெல்லியவை, ஓயாமல் உழைப்பவை. அவ்வுழைப்புக்கு வேண்டிய சக்தியை உடல் ஆக்கிக்கொள்ளப் பி வகை வைட்டமின்கள் இன்றியமையாதவையாதலால், அவை குன்றும்போது இவ்விழைகளே முதலில் வாடுகின்றன; நடுப்பார்வை போய் ஓரப்பார்வை எஞ்சுவதன் காரணம் இதுவே. கியூபாவிலோ இறைச்சி, பால், முட்டை யாவும் அரிதாகியிருக்க, சர்க்கரைக்கு மாத்திரம் குறைவில்லை. சர்க்கரையைச் செரித்துச் சக்தியாக்கவோ தயாமின் என்னும் பி1 செலவாகிறது. பேருந்துகள் ஓடாமையால் அரை வயிற்றோடு மைல்கணக்கில் சைக்கிள் மிதித்தோர் பலர். சுருட்டுப் பிடிப்போரையே நோய் மிகுதியாகப் பற்றிற்று: புகையிலுள்ள சயனைடை உடல் முறிப்பதற்கும் நல்ல புரதமும் பி12-உம் வேண்டும். கிருமியோ என்ற ஐயமும் வைத்தியர்களிடையே எழாமலில்லை. ஆயினும் ரேஷனில் விசேஷமாக உணவு பெற்ற குழந்தைகளும் கர்ப்பிணிகளும் முதியோரும் பெரும்பாலும் தப்பினர். வீட்டில் கோழி வளர்த்தவர்களுக்கும் அபாயம் குறைவாக இருந்தது. முட்டை கிடைத்த வீட்டில் பார்வை பிழைத்தது என்ற இந்தச் செய்தியைவிடத் தெளிவான சாட்சியம் வேறென்ன வேண்டும்?

இத்தனைக்கும் இடையில், 1992-இல், அமெரிக்கா கியூபாவின்மீது முன்னரே விதித்திருந்த வர்த்தகத் தடையை மேலும் இறுக்கியது. தீவின் அரசாங்கத்தின்மீது எத்தனை குற்றம் சாட்டினும் சாட்டுக. யுத்தமே நடவாத காலத்தில் ஒரு தேசத்து ஜனங்களின் பசியை ஆயுதமாக்கியதை நியாயமென்று என் மனம் ஒருநாளும் ஒப்பாது.

1993-ஆம் ஆண்டின் வசந்தத்தில், ஒரு கோடியே பத்து லட்சம் ஜனங்கள் அனைவருக்கும் அரசாங்கம் வைட்டமின் மாத்திரைகளை வழங்கத் தொடங்கியது. புதிதாக நோயுறுவோர் தொகை விரைந்து குறைந்தது. காலத்தோடு சிகிச்சை பெற்றவர்களில் மிகப் பலர் மீண்டும் வாசிக்கலாயினர். மாதக்கணக்கில் தாமதித்தவர்களிற் சிலருக்கு நடுப்பார்வை திரும்பவேயில்லை.