கட்டு அவிழ்ந்த சொல்

ஆங்கிலத்துக்குத் தமிழ் கொடுத்த சொற்கள் என்று ஒரு பட்டியல் நம்மிடையே நெடுநாளாகச் சுற்றிவருகிறது. கட்டுமரம் அதில் தவறாமல் இருக்கும். சொல் போய்ச் சேர்ந்ததோடு நம் பெருமை திருப்தியடைந்துவிடுகிறது. போன இடத்தில் அது என்ன பாடு பட்டது என்று விசாரிப்பதில்லை.

தூத்துக்குடிக் கரையில் நின்று பார்த்தால் இச்சொல்லின் உயிர் முதல் பாதியில் இருக்கிறது. மரங்களைக் கயிற்றால் இறுகக் கட்டினால் கலம். கரையேறி அவிழ்த்துக் காயப்போட்டால் வெறும் மரம். வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியிட்ட பயண நூலில் அது 'கேட்டமரான்' ஆனபோதே கட்டு என்ற வினை செத்துவிட்டது. ஆங்கிலக் காதுக்கு மிஞ்சியது ஓசை மட்டும். ஓசையை எதன்மீதும் ஏற்றலாம். 1804இல் பூலோன் துறையில் நெப்போலியனின் படகுகளைத் தகர்க்க, ராபர்ட் ஃபுல்டனின் யோசனைப்படி செய்த வெடிமருந்துப் பெட்டிகளை ஆங்கிலேயர் மிதக்கவிட்டார்கள். நீர்மட்டத்தோடு மட்டமாக மிதந்த அவற்றுக்கு இதே பெயர். (பெரிய சேதம் ஒன்றும் விளையவில்லை.) அந்த நூற்றாண்டிலேயே சண்டைக்காரப் பெண்ணை வையவும் அது பயன்பட்டது. முதல் அசையில் பூனை கேட்டதுதான் காரணமென்று நினைக்கிறேன். பிறகு, 1876இல் அமெரிக்கரான நத்தானியல் ஹெர்ரஷாஃப் பந்தயத்தில் ஓட்டிய இரட்டைப் படகு. யோசனை பசிபிக் தீவினருடையது, பெயர் நம்முடையது. இன்று அலுமினியத்தில் செய்யும் அவ்வகைக் கப்பலில் உடலைப் பிணைக்கும் கயிறு ஒன்றுகூடக் கிடையாது.

முத்தின் கதையும் இதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஐரோப்பாவுக்கு நல்ல முத்து பாரசீக வளைகுடாவிலிருந்தும் மன்னார் வளைகுடாவிலிருந்தும் போயிற்று. ஆகவே கிழக்கைக் குறித்த 'ஓரியன்ட்' ஆங்கிலத்தில் அந்த முத்துக்கு அடைமொழியாயிற்று. பிறகு பளபளப்பு எதற்கும். இப்போது நகை வியாபாரிகளிடம் முத்தின் உள்ளொளிக்கே பெயர். ஒரு திசை ஒளியாக மாறியதை நான் ரசிக்கிறேன். ஆனால் மூச்சடக்கி மூழ்கியவன் அந்தச் சொல்லுக்குள் இல்லை. முத்துக்குளித்தல் என்று நாம் சொன்னால் ஓர் உடம்பு நீரில் இறங்கியாக வேண்டும்.

தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961ஓடு நின்றது. வ.உ.சி. துறைமுகத்தில் கன்டெய்னர், பெர்த் என்று சொற்கள் எதிர்த்திசையில் இறங்குகின்றன. கரையில் ஃபைபர் படகுகள். கட்டுமரம் நமக்கே ஓசையாகிவருகிறது. சங்கு குளிப்பவர்கள் இன்னும் உண்டு, கம்ப்ரசரின் காற்றுக்குழாயைப் பல்லில் கடித்துக்கொண்டு.