கணக்கு பூட்டியிருக்கு, அப்போ பத்திரம்தானே?

இந்த எபிசோட் எங்க அம்மாவோட போன்ல இருந்து ஆரம்பிக்குது.

அம்மா இருக்கிறது அகரத்துல. திண்டுக்கல் பக்கம், தாடிக்கொம்புக்கு அடுத்த ஊர். மகளிர் குழுக் கடன் தவணை அவங்க கணக்குல இருந்து மாசாமாசம் தானா போயிடும். ரெண்டு மாசமா போகல. குழுத் தலைவி வீட்டு வாசலுக்கே வந்துட்டாங்க. நான் ஊருக்குப் போய் போனை வாங்கிப் பார்த்தா, வங்கிச் செயலி எப்பவோ நல்ல தமிழ்ல சொல்லியிருக்கு: "உங்கள் கணக்கு பூட்டப்பட்டுள்ளது."

"ஏம்மா, இதைப் பார்க்கலையா?"

"பார்த்தேனேப்பா. பூட்டியிருக்குன்னுதானே போட்டிருக்கு. பத்திரமா இருக்குன்னு விட்டுட்டேன்."

சிரிச்சேன். ரொம்ப நேரம் சிரிக்க முடியல. ஏன்னா இந்த மாதிரி வாக்கியங்கள் எப்படிப் பிறக்குதுன்னு எனக்குத் தெரியும். கோடுல 'லாக்' என்று ஒரே ஒரு சொல் இருக்கும். அதுக்கு ஒரே ஒரு மொழிபெயர்ப்பு. திரையை லாக் பண்ணு, கோப்பு லாக் ஆயிருக்கு, கணக்கு லாக் ஆயிருக்கு, எல்லா இடத்துலயும் 'பூட்டு' போய் உட்கார்ந்துக்கும். நானே ஒரு செயலியில இதைப் பண்ணியிருக்கேன். யாரும் புகார் பண்ணல. அம்மா மாதிரி பத்திரமா இருக்குன்னு விட்டுட்டாங்களோ என்னவோ!

அம்மா தப்பாப் படிக்கல என்பதுதான் விஷயம். பூட்டு என்ற சொல்லோட வரலாறு அவங்க பக்கம் இருக்கு.

பூட்டு பிறந்தது 'பூண்' என்ற வேர்ல. நகை பூணுறது, உலக்கைக்குப் பூண் போடுறது, எல்லாம் அதே குடும்பம். அதாவது பூட்டுறதுன்னா அடிப்படையில மூடுறது இல்லை, ஒண்ணோட ஒண்ணைச் சேர்க்கிறது. வில்லில் நாண் பூட்டினார்கள். தேரில் குதிரை பூட்டினார்கள். சித்திரையில பொன்னேர் பூட்டுறாங்களே, அதுல எந்தக் கதவும் சாத்தலை. மாட்டை நுகத்தோட சேர்த்துக் கட்டுற கயிறுக்குப் பேரு பூட்டாங்கயிறு. கொலுசுக்கும் செயினுக்கும் கொக்கி இருக்கிற இடத்தை இன்னைக்கும் பூட்டுன்னுதான் சொல்றோம்.

கதவுக்கு? அதுக்குத் தமிழ்ல 'தாழ்' இருந்தது. 71ஆவது குறள்ல வள்ளுவர் அன்பை அடைக்க முடியுமான்னு கேட்கும்போது எடுக்கிற சொல் தாழ்தான், பூட்டு இல்லை. இன்னொரு வேடிக்கை: பூட்டு சுத்தத் தமிழ், ஆனா அதைத் திறக்கிற சாவி போர்ச்சுக்கீசிய 'சாவே'. அலமாரி, ஜன்னல், மேஜையோட கூடவே கரையேறின சொல். நம்ம திறவுகோல் அப்படியே புத்தகத்துக்குள்ள போயிடுச்சு.

இங்கிலீஷ் 'லாக்' வேற பாதையில வந்தது. அதோட பழைய வேருக்கு மூடுறது, அடைக்கிறதுன்னு பொருள். ஒரு கற்றை முடிக்கும் 'லாக்'னு சொல்வாங்க, ஆனா அது வேற வேர்ல இருந்து வந்து எழுத்துல மட்டும் ஒண்ணாப் போனது. பக்கிங்ஹாம் கால்வாய்ல தண்ணியைத் தேக்கிப் படகை ஏத்தி இறக்கின கதவுக்கும் லாக்தான் பேரு.

அப்போ அம்மாவுக்கு 'பத்திரம்' எங்கிருந்து வந்துச்சு? அதுக்கு எங்க ஊர் காரணம். எங்க தாத்தா அகரத்துல இருந்து திண்டுக்கல் பூட்டுப் பட்டறைக்கு சைக்கிள்ல போனவர். மாங்காய்ப் பூட்டுக்கு லீவர் அராவுறது அவர் வேலை. சரியான சாவி போட்டா உள்ளே இருக்கிற ஒவ்வொரு லீவரும் அதது நிக்க வேண்டிய உயரத்துக்கு எழும்பணும். ஒண்ணு மயிரிழை கூடினாலும் குறைஞ்சாலும் திறக்காது. லண்டன்ல ராபர்ட் பாரன் 1778ல் காப்புரிமை வாங்கினதும் இதே தத்துவத்துக்குத்தான். கையால அராவுறதால ஒரு பூட்டோட சாவி இன்னொண்ணுக்குச் சேராது. அலிகர்ல இருந்து மெஷின் பூட்டு மலிவா வந்து இறங்க இறங்க, பட்டறைகள் சுருங்கிடுச்சு. 2019ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைச்சப்போ தாத்தா இல்லை. இருந்திருந்தாலும் "கூலி ஏறுமா?"ன்னுதான் கேட்டிருப்பார். அந்த வீட்ல வளர்ந்தவங்களுக்குப் பூட்டுன்னா சாவி நம்ம கையில இருக்குன்னு அர்த்தம்.

சாவி அடுத்தவன் கையில இருந்தா? அதுக்குத் தமிழ் வேற சொற்களைத் தேடிக்கிட்டது. 1920 கடைசியில சென்னை பெரம்பூர் பி அண்ட் சி மில்லுல நிர்வாகம் தொழிலாளர்களை உள்ளே விடாம 'லாக்-அவுட்' பண்ணிச்சு. தொழிற்சங்கத் தலைவர் பி.பி. வாடியா மேல வழக்கும் போட்டுச்சு. அந்த வழக்கு கொடுத்த அதிர்ச்சியோட தொடர்ச்சியாத்தான் 1926ல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. லாக்-அவுட்டுக்கு நாம சொல்றது கதவடைப்பு. உழைக்கிறவன் வெளியே நிக்க, உள்ளே இருக்கிறவன் கதவைச் சாத்துற காட்சி அந்தச் சொல்லிலேயே தெரியுது. 1878ல் லிட்டன் பிரபு இந்திய மொழிப் பத்திரிகைகளை ஒடுக்கக் கொண்டுவந்ததை வாய்ப்பூட்டுச் சட்டம்னு சொல்றோம். இங்கிலீஷ்ல அந்த இடத்துல 'லாக்' வராது. இங்கே பூட்டு வருது, ஆனா அது வேற எவனோ மாட்டிவிட்ட பூட்டு.

2020 மார்ச்ல 'லாக்டவுன்' வந்தப்போ ரெண்டு சொல் போட்டி போட்டுச்சு. ஒண்ணு பொதுமுடக்கம். இன்னொண்ணு ஊரடங்கு. ஊரடங்கு ஏற்கனவே போலீஸ் அகராதியில இருந்த சொல், கலவரம் நடந்தா போடுறது. நோய்க்காக வீட்ல இருங்கன்னு சொல்றதும், ஊரே அடங்குன்னு சொல்றதும் ஒண்ணா? அந்த ஜூன் 19ஆம் தேதி சாத்தான்குளத்துல ஜெயராஜையும் அவர் மகன் பென்னிக்ஸையும் போலீஸ் பிடிச்சுது. நேரத்தைத் தாண்டி செல்போன் கடையைத் திறந்து வைத்திருந்தார்கள் என்பது புகார். ஸ்டேஷன்ல தாக்கப்பட்ட ரெண்டு பேரும் சில நாள்ல இறந்துட்டாங்க. ஒரு சொல்லால இது நடந்ததுன்னு நான் சொல்ல வரல. ஆனா லாக்டவுனுக்கும் லாக்கப்புக்கும் நடுவுல எவ்வளவு தூரம்னு அன்னைக்குத் தெரிஞ்சுபோச்சு.

சரி, வங்கிக் கணக்குக்கு வருவோம். 'முடக்கப்பட்டுள்ளது' என்று போட்டிருந்தா அம்மா அன்னைக்கே பதறி எனக்கு போன் பண்ணியிருப்பாங்க. கை கால் முடங்கிப்போறது என்னன்னு அவங்களுக்குத் தெரியும். எங்க செயலியில அந்த ஒத்தை 'லாக்'கை நாலாப் பிரிக்கச் சொல்லி எழுதிப் போட்டிருக்கேன். திரைக்குப் பூட்டு, கணக்குக்கு முடக்கம். கோப்புக்கு "இன்னொருவர் திருத்திக்கொண்டிருக்கிறார்" என்று முழு வாக்கியமாவே. டெட்லாக்குக்கு நான் எழுதினது முட்டுக்கட்டை, தேர்ச் சக்கரத்துக்கு அடியில கொடுக்கிறாங்களே, அது. "இது பயனருக்குப் புரியுமா?"ன்னு மேனேஜர் கேட்டிருக்கார். அவர் சென்னைக்காரர். நான் அம்மாகிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்னு பதில் போட்டிருக்கேன்.