மஞ்சளுக்கு மிளகு துணையா? ஆரியசாலைச் சரக்கும் ஆய்வக வரலாறும்

திருவனந்தபுரம் ஆரியசாலையை ஒட்டிய சாலைக் கடைத்தெரு, 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருவிதாங்கூரின் இராஜா கேசவதாசர் உருவாக்கியது. தமிழ் வணிகர்கள் தலைமுறைகளாகத் தொழில் செய்யும் இத்தெருவில் மஞ்சளும் மிளகும் அன்றாடச் சரக்குகள். அவ்விரண்டையும் சேர்த்து உண்டால் மஞ்சளின் பயன் ‘2000 விழுக்காடு’ பெருகும் என்று இன்று பரவலாகச் சொல்லப்படுகிறது. இந்த எண் எங்கிருந்து வந்தது?

சுக்கு, மிளகு, திப்பிலி ஆகிய மூன்றும் சேர்ந்த திரிகடுகம், பதினெண்கீழ்க்கணக்கு நூலொன்றுக்குப் பெயராகும் அளவுக்குத் தமிழருக்குப் பழகிய மருந்து. பல மருந்துகளில் அது ஏன் திரும்பத் திரும்பச் சேர்க்கப்படுகிறது என்ற கேள்வியை ஜம்மு மண்டல ஆராய்ச்சி ஆய்வகத்தின் சி. கே. அடல் குழுவினர் எழுப்பினர். ஆடாதோடையின் வாசிசின் என்னும் வேதிப்பொருள் இரத்தத்தில் சேரும் அளவைத் திப்பிலி ஏறத்தாழ 233 விழுக்காடு உயர்த்தியதாக 1981இல் அவர்கள் வெளியிட்டனர்.

அதன் காரணத்தைத் தேடிய ஆய்வுகள் மிளகிலும் திப்பிலியிலும் உள்ள பைப்பரினைச் சுட்டின. உணவுவழி வரும் அயற்பொருள்கள் பலவற்றைக் குடற்சுவரும் கல்லீரலும் குளுகுரோனிக் அமிலத்தோடு பிணைத்து வெளியேற்றுகின்றன. மஞ்சளின் குர்குமின் நீரில் எளிதில் கரையாதது. உறிஞ்சப்படும் சிறு பகுதியும் இவ்வாறே விரைவில் மாற்றப்படுகிறது. பைப்பரின் இப்பிணைப்பைத் தடுக்கிறது.

1998இல் பெங்களூரு புனித யோவான் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் இதனை மனிதரிடம் சோதித்தனர். 2 கிராம் குர்குமின் மட்டும் உண்டவர் குருதியில் அது தென்படவில்லை, அல்லது மிகக் குறைவாகவே தென்பட்டது. 20 மில்லிகிராம் பைப்பரின் சேர்த்தபோது முதல் ஒரு மணி நேரத்துக்குள் அதன் அளவு கூடியது. 2000 விழுக்காடு என்பது இந்த உயர்வே. எலிகளில் அது 154 விழுக்காடு மட்டுமே.

இங்கு மூன்றைப் பிரித்தறிய வேண்டும். முதலாவது, ஏறத்தாழச் சுழியத்திலிருந்து கணக்கிட்ட பெருக்கம் எத்தனை மடங்காயினும் சிறிதே. இரண்டாவது, அளக்கப்பட்டது குருதிநீர். திசுக்களை அது எவ்வளவு சென்றடைந்தது என்பது வேறு கேள்வி. மூன்றாவது, மஞ்சளில் குர்குமின் ஏறக்குறைய 3 விழுக்காடே. 2 கிராம் பெற 65 கிராம் மஞ்சள்தூள் வேண்டும். எந்த இரசத்திலும் அவ்வளவு சேர்வதில்லை.

பைப்பரின் தடுப்பது உடலின் காவலையும்தான். வலிப்புநோய்க்குரிய ஃபெனிடாயின் போன்ற மருந்துகளின் இரத்த அளவையும் அது உயர்த்துவதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே சமையலில் சேரும் சிட்டிகை மிளகையும் குப்பியில் விற்கும் செறிவூட்டிய மாத்திரையையும் ஒன்றாகக் கருதலாகாது. முன்னோர் கூட்டிய மருந்து ஆய்வுக்கு நல்ல கேள்வியைத் தந்தது. அதற்குரிய விடையை அளவு அறிந்தே சொல்ல வேண்டும்.