ஏரிக்குள் ஒரு விருந்தகம்

திருவள்ளுவர் விருந்தோம்பலுக்கென்று ஓர் அதிகாரமே வகுத்தார். அதனை அவர் இல்லறத்துள் வைத்தது கருதத்தக்கது. வீடு உடையவன் விருந்தோம்புவான்; வந்தவன் உண்டு மகிழ்ந்து செல்வான். வீடு யாருடையது என்ற ஐயம் அங்கே எழுவதில்லை. ஆனால், வீடும் நிலமும் பிறருடையனவாக இருக்க, விருந்தோம்பும் கடமை மட்டும் ஒருவன் தோளில் ஏறுமானால், அந்த விருந்தோம்பலை வரலாறு எப்படி எழுதுவது? இந்தக் கேள்விக்கு விடை தேட நாம் தொலைதூரக் கடல்களுக்குப் போகவேண்டியதில்லை. நம் கொங்கு நாட்டின் தென்மேற்கு எல்லையிலேயே, மலைகளுக்கு நடுவே, அத்தகைய சிறு தீவு ஒன்று இருக்கிறது.

பொள்ளாச்சியிலிருந்து ஆனைமலை, சேத்துமடை வழியாகச் சுமார் 35 கிலோமீட்டர் சென்றால் டாப்சிலிப் வரும். வெட்டிய தேக்கு மரங்களை மலை உச்சியிலிருந்து சரித்து இறக்கிய இடம் ஆதலால் அப்பெயர் பெற்றது. அதனையும் கடந்து மேற்கே சென்றால் தூணக்கடவு. அதற்கு அப்பால் பரம்பிக்குளம். இது கேரள மாநிலத்தின் பாலக்காடு மாவட்டத்தைச் சேர்ந்த நிலம். ஆயினும் வண்டியில் அங்குச் செல்லத் தமிழ்நாட்டின் வழியாகத்தான் செல்லவேண்டும். பரம்பிக்குளம் நீர்த்தேக்கத்தின் நடுவே வீட்டிக்குன்னு என்றொரு திட்டு உள்ளது. மலையாளத்தில் வீட்டி என்பது நாம் ஈட்டி என்றும் தோதகத்தி என்றும் சொல்லும் மரம். குன்னு என்பது நம் குன்று. பெயரே அதன் வரலாற்றைச் சொல்லிவிடுகிறது. ஒரு காலத்தில் அது தீவன்று. ஈட்டி மரங்கள் நின்ற குன்று. பள்ளத்தாக்கில் நீர் ஏறியபோது அதன் தலை மட்டும் மேலே நின்றது.

அந்த நீர் எதற்காக ஏறியது? நமக்காகத்தான். மேற்கே பெய்யும் மழை அரபிக் கடலுக்கு ஓட, கிழக்கே பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், காங்கயம் பகுதிகளின் மேட்டு நிலங்கள் வானத்தையும் ஆழ்கிணறுகளையும் நம்பிக் காய்ந்திருந்தன. அந்த மழையைக் கிழக்கே திருப்பவேண்டும் என்று பாடுபட்டவர்கள் பலர். வி. கே. பழனிசாமிக் கவுண்டர், பொள்ளாச்சி நா. மகாலிங்கம், சி. சுப்பிரமணியம், முதலமைச்சராக இருந்த காமராசர் ஆகியோரை நன்றியோடு நினைக்கிறோம். 1961-ஆம் ஆண்டில் பிரதமர் நேரு பரம்பிக்குளம் - ஆழியாறு திட்டத்தைத் தொடங்கி வைத்தார். இரு மாநில உடன்படிக்கை 1970-இல் கையெழுத்தாகி, 1958-ஆம் ஆண்டிலிருந்தே நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்பட்டது. அணை இருக்கும் மண் கேரளத்தினுடையது. அதனைப் பராமரிப்பது தமிழ்நாடு. பரம்பிக்குளத்து நீர் சுரங்கத்தின் வழியே தூணக்கடவை அடைந்து, மீண்டும் சுரங்கம் புகுந்து, சர்க்கார்பதி மின்நிலையத்தில் விழுந்து, சுமார் 49 கிலோமீட்டர் நீளமுள்ள காண்டூர் கால்வாய் வழியாகத் திருமூர்த்தி அணைக்கு வருகிறது. ஏறத்தாழ நான்கு லட்சம் ஏக்கர் நிலம் இத்திட்டத்தால் பயன் பெறுகிறது. நம் ஊர்களில் எல்லாரும் பி.ஏ.பி. வாய்க்கால் என்று சொல்கிறோமே, அந்த வாய்க்காலின் தலைமாடு அதுதான்.

இனி, அங்கு வாழ்வோரைப் பார்ப்போம். பரம்பிக்குளத்திலும் ஆனைமலையிலும் காடர், மலசர், மலைமலசர், முதுவர் ஆகிய பழங்குடிகள் வாழ்கின்றனர். இவர்களுள் காடர், பெயராலேயே காட்டுக்கு உரியவர்கள். தேனும் கிழங்கும் காட்டுப் பொருள்களும் திரட்டி வாழ்ந்தவர்கள். மூங்கிலால் அழகிய சீப்புச் செய்வதில் வல்லவர்கள். 1909-இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியக் குலங்களைப் பற்றிய நூல் தொகுதிகள் இவர்களை விவரிக்கின்றன. 1952-இல் ஏரன்ஃபெல்ஸ் என்னும் அறிஞர் கொச்சிக் காடர்களைப் பற்றித் தனி நூலே எழுதினார். அதனை வெளியிட்டது சென்னைப் பல்கலைக்கழகம்.

காடர் இன்று நேற்று விருந்தினரைக் கண்டவர்கள் அல்லர். மரம் தேடி வந்த வன அதிகாரிகளுக்கு வழிகாட்டியவர்கள் இம்மலை மக்களே. 1907-இல் கொச்சி அரசு சாலக்குடியிலிருந்து பரம்பிக்குளம் வரை காட்டு டிராம் பாதை ஒன்றை அமைத்தது. தேக்கும் ஈட்டியும் அதன் வழியே கடலை நோக்கிச் சென்றன. அந்தப் பாதையில் இருந்த குரியார்குட்டியில் 1933-இல் பறவையியல் அறிஞர் சாலிம் அலி தங்கி, திருவிதாங்கூர் - கொச்சிப் பறவைகளை ஆராய்ந்தார். பின்னர் அணை கட்டும் பொறியாளர் வந்தனர். 1963-இல் டிராம் நின்றது. 1973-இல் பரம்பிக்குளம் வனவிலங்குச் சரணாலயமாயிற்று. 2010-இல் புலிகள் காப்பகமாயிற்று. ஒவ்வொரு காலத்திலும் விருந்தினர் மாறினர். அவர்கள் தேடி வந்த பொருளும் மாறியது. முதலில் மரம், பிறகு பறவை, பிறகு நீர், இன்று காட்சி. மாறாதிருந்தவர்கள் வழிகாட்டிகள்தாம்.

இன்று வீட்டிக்குன்னுத் தீவில் வனத்துறையின் சிறு விருந்தகம் ஒன்று இருக்கிறது. காட்டில் தங்க விரும்புவோர் சிலர் மட்டும், முன்பதிவு செய்து, ஓர் இரவு அங்குத் தங்கலாம். அவர்களை நீர் கடத்தி அழைத்துச் செல்வோரும், சமைத்துப் போடுவோரும், இரவில் காவல் இருப்போரும் அப்பகுதிப் பழங்குடியினரே. சூழல் மேம்பாட்டுக் குழுக்கள் என்ற அமைப்பின் வழியாக அவர்களுக்கு இந்த வேலை கிடைக்கிறது.

அவர்களுடைய ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். தீவில் கடை இல்லை. அரிசியும் பருப்பும் காய்கறியும் விருந்தினரோடு சேர்ந்தே நீரைக் கடக்கவேண்டும். ஏதேனும் ஒன்றை மறந்தால், மறந்ததுதான். மாலைக்கு மேல் திரும்ப முடியாது. ஏரியில் முதலைகள் உண்டு; எனவே, நீரைக் கண்டவுடன் குளிக்க ஓடும் நகரத்து இளைஞரைத் தடுப்பது பராமரிப்பாளரின் முதல் வேலை. யானைக்கும் காட்டெருமைக்கும் நீர் ஒரு தடையன்று. ஆகவே இருட்டிய பின் முற்றத்தைக் கடக்கலாகாது என்று சொல்வது இரண்டாவது வேலை. சமையல், விளக்கு, படுக்கை, காவல் என்பன அதற்குப் பிறகுதான். விடியலில் விருந்தினர் எழுமுன் அடுப்பு எரியவேண்டும். அவர்கள் கரை சேர்ந்த பின், அவர்கள் விட்டுச் சென்ற குப்பையும் கரை சேரவேண்டும். அன்று பிற்பகலே வேறு விருந்தினர் வரக்கூடும்.

இங்கே ஒரு நுட்பமான செய்தியை உங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். தீவின் கரை ஓரிடத்தில் நிலைத்து நிற்பதில்லை. பருவமழையில் ஏரி நிறையும்போது தீவு சுருங்குகிறது. உடுமலையிலும் பல்லடத்திலும் பாசனத்துக்குத் தண்ணீர் விடும்போது ஏரி தாழ்கிறது; தீவு பெரிதாகிறது. அப்பொழுது, சுமையோடு இறங்கும் பராமரிப்பாளர் தோணியிலிருந்து வீட்டுக்குக் கூடுதல் தொலைவு நடக்கவேண்டும். நம் சோளக்காட்டில் மடை திறப்பதற்கும், முகம் அறியாத ஒருவர் அங்கே சேற்றில் கூடுதலாக எடுத்து வைக்கும் அடிகளுக்கும் தொடர்பு இருக்கிறது. 2022 செப்டம்பரில் பரம்பிக்குளம் அணையின் மூன்று மதகுகளில் ஒன்று உடைந்து, பல நாட்கள் நீர் வெளியேறிச் சாலக்குடி ஆற்றில் கலந்ததை நாம் பயிரின் கவலையாகப் பேசினோம். அந்த ஏரிக் கரையில் வாழ்வோருக்கும் அது கவலைதான் என்பதைப் பேசியவர் சிலரே.

பள்ளத்தாக்கு நீரில் மூழ்கியபோது அங்கிருந்த காடரின் பழைய குடியிருப்புகளும் தடங்களும் மூழ்கின. அவர்கள் மேட்டுக்கு நகர்ந்தனர். இன்று அணைக் கரைக்கு அருகே குடியிருப்புகளில் வாழ்கின்றனர். கேரள அரசின் பட்டியலில் காடர் மிகவும் நலிவுற்ற பழங்குடிகளுள் ஒருவர். ஆனைமலையின் தமிழ்நாட்டுப் பக்கம் வாழும் அதே காடர் அந்தச் சிறப்புப் பட்டியலில் இல்லை. காட்டின் நடுவே செல்லும் மாநில எல்லைக் கோடு, ஒரே மக்களை இருவகையாக எண்ண வைத்துவிட்டது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் காட்டில் அவர்களுக்குள்ள உரிமையை ஏற்றுக்கொண்டது. அதன் பயன் ஒவ்வொரு குடியிருப்புக்கும் முழுமையாகச் சென்று சேரவேண்டும் என்பதே நம் விருப்பமாக இருக்கவேண்டும்.

அப்படியாயின் அணை கட்டியது தவறா என்று நீங்கள் கேட்கலாம். நான் அவ்வாறு சொல்ல வரவில்லை. காய்ந்த நிலத்தில் நீரைக் கண்ட உழவனின் மகிழ்ச்சியும் வரலாறுதான். விருந்தகப் பணியால் காடரின் இளைஞருக்கு ஊதியம் கிடைக்கிறது. தம் பாட்டனார் அறிந்த காட்டை அவர்கள் விட்டு நீங்காமல் வாழ முடிகிறது. இவையும் மெய்யே. ஆனால் ஒரு கணக்கில் வரவை மட்டும் எழுதிச் செலவை எழுதாமல் விடுவது நேர்மையாகாது. அணையின் வரலாற்றில் அதனைக் கேட்டவர் பெயர், கட்டியவர் பெயர், திறந்து வைத்தவர் பெயர் எல்லாம் இருக்கின்றன. இடம் கொடுத்தவர் பெயர் இல்லை. அவர் இன்று அதே இடத்தில், விருந்தினருக்குச் சோறு வடித்துக்கொண்டிருக்கிறார்.

நம் கொங்கு நாட்டில் வீட்டுக்கு வந்தவரை முதலில் தண்ணீர் கொடுத்துத்தான் வரவேற்போம். அந்த வழக்கத்தின்படி பார்த்தால், பரம்பிக்குளத்துக் காடர் பல்லாண்டுகளாக நமக்குத் தண்ணீர் கொடுத்து வருகிறார்கள். தீவில் ஓர் இரவு தங்குகிறவன் மட்டும் அவர்களுடைய விருந்தினன் அல்லன். வாய்க்கால் நீரில் விளைந்த தேங்காயை உடைக்கும் நாம் ஒவ்வொருவரும் அவர்களுடைய விருந்தினரே. விருந்தினனுக்கும் அறம் உண்டு. தனக்கு உணவிட்டவர் யார், அவர் உண்டாரா என்று கேட்பதே அந்த அறத்தின் தொடக்கம்.

மாணவ நண்பர்களே, உங்கள் ஊர் வாய்க்காலின் வரலாற்றை எழுதும் வாய்ப்பு உங்களுள் பலருக்கு வரும். அப்பொழுது மடையிலிருந்து தொடங்காதீர்கள், மலையிலிருந்து தொடங்குங்கள். மதகின் அளவையும் கால்வாயின் நீளத்தையும் குறித்த பின், அங்கு முன்பு வாழ்ந்தவர் யார், இப்பொழுது எங்கே இருக்கிறார் என்ற ஒரு வரியையும் சேர்த்து எழுதுங்கள். அந்த ஒரு வரி இருந்தால்தான் உங்கள் கட்டுரை முழுமை பெறும்.