சட்டம் இருந்தது, கேட்க ஆளில்லை: கம்பெனிக் கணக்கு விவகாரத்தில் ஜெர்மனி ஐரோப்பிய நீதிமன்றத்தில் தோற்றது ஏன்?

ஒரு கம்பெனிக்குக் கடனுக்குச் சரக்கு அனுப்பப் போகிறீர்கள். அனுப்புவதற்கு முன் அந்தக் கம்பெனியின் நிலைமை எப்படி என்று பார்க்கத் தோன்றும்தானே? இந்தியாவில் அதற்கு ஒரு வழி இருக்கிறது. பிரைவேட் லிமிடெட் கம்பெனியாக இருந்தாலும் ஆண்டுக் கணக்கைக் கம்பெனிப் பதிவாளரிடம், அதாவது ஆர்ஓசியிடம், தாக்கல் செய்தாக வேண்டும். எம்சிஏ இணையதளத்தில் சிறு கட்டணம் கட்டினால் பதிவான ஆவணங்களை நீங்கள் பார்க்கலாம். 'நீ யார், உனக்கு எதுக்கு?' என்று யாரும் கேட்கப்போவதில்லை.

1990களில் ஜெர்மனியில் இதே கேள்வியோடு போயிருந்தால், பெரும்பாலும் வெறுங்கையோடுதான் திரும்பியிருப்பீர்கள். கணக்கை வெளியிட வேண்டும் என்று அங்கேயும் சட்டம் இருந்தது. ஆனால் 100-க்கு 93 கம்பெனிகள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை என்று ஐரோப்பிய ஆணையம் சொன்னது. ஆம், ஒழுங்குக்குப் பேர்போன அதே ஜெர்மனிதான்.

டைரக்டிவ் என்றால் என்ன?

ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் போடுவதில் முக்கியமாக இரண்டு வகை உண்டு. ஒன்று 'ரெகுலேஷன்'. அது எல்லா உறுப்பு நாடுகளிலும் நேரடியாகச் சட்டமாகிவிடும். இன்னொன்று 'டைரக்டிவ்'. 'இன்ன பலன் கிடைக்க வேண்டும், இன்ன தேதிக்குள் உங்கள் நாட்டுச் சட்டத்தில் கொண்டு வந்துவிடுங்கள்' என்று நாடுகளிடம் சொல்வது அது. எப்படிக் கொண்டு வருவது என்பது அந்தந்த நாட்டின் பொறுப்பு. தாமதமும் ஏய்ப்பும் நுழைவதும் இந்த இடத்தில்தான்.

கம்பெனிகளைப் பற்றிய முதல் டைரக்டிவ் 1968 மார்ச் 9-ல் வந்தது. கம்பெனிகள் ஆண்டுக் கணக்கை வெளியிட வேண்டும், வெளியிடாவிட்டால் 'தகுந்த தண்டனை' இருக்க வேண்டும் என்றது அது. கணக்கில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதை 1978-ல் வந்த நான்காவது டைரக்டிவ் விவரித்தது. அதன் கெடு 1980-லேயே முடிந்துவிட்டது. ஜெர்மனி சட்டம் போட்டதோ 1985 டிசம்பரில்.

ஐந்து வருடத் தாமதத்தைக்கூட விட்டுவிடலாம். வில்லங்கம் அந்தச் சட்டத்துக்கு உள்ளேயே இருந்தது.

யார் புகார் கொடுக்கலாம்?

நம்ம ஊர் பிரைவேட் லிமிடெட் போல ஜெர்மனியில் இருப்பது 'ஜிஎம்பிஎச்'. கம்பெனி மூழ்கினாலும், பங்குதாரரின் சொந்தச் சொத்துக்குப் பொதுவாக ஆபத்து வராது. அந்தச் சலுகைக்கு ஈடாகக் கணக்கை ஊருக்குக் காட்ட வேண்டும் என்பதுதான் டைரக்டிவின் அடிப்படை நியாயம்.

ஜெர்மன் சட்டமும் 'வெளியிடு' என்றே சொன்னது. வெளியிடாவிட்டால் அபராதம் என்றும் சொன்னது. ஆனால் அபராதம் போடும் நீதிமன்றம் தானாக அசையாது. யாராவது மனு போட வேண்டும். மனு போடும் உரிமை மூன்றே தரப்புக்குத்தான்: கம்பெனியின் பங்குதாரர்கள், கடன் கொடுத்தவர்கள், ஊழியர்களின் பிரதிநிதிகளான தொழிலாளர் குழு.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பங்குதாரருக்குக் கணக்கு ஏற்கெனவே கைக்கு வந்துவிடும். தொழிலாளர் குழு சொந்தக் கம்பெனியை வம்புக்கு இழுக்கத் தயங்கும். கடன் கொடுத்தவரோ, பணம் திரும்பி வர வேண்டுமே என்ற கவலையில் இருப்பவர். உண்மையில் கணக்கைப் பார்க்க வேண்டியவர் இனிமேல் கடன் கொடுக்கலாமா என்று யோசிப்பவர். அவருக்கு அந்தப் பட்டியலில் இடமே இல்லை. 93 சதவீதத்துக்குக் காரணம் தேடி வேறெங்கும் போக வேண்டியதில்லை.

டாய்ஹாட்சு டீலர்கள் வழக்கு

இந்த ஓட்டையை நீதிமன்றத்தில் அம்பலப்படுத்தியது கார் டீலர்களின் சங்கம். ஜெர்மனியில் டாய்ஹாட்சு கார்களை விற்ற டீலர்கள், டாய்ஹாட்சு டாய்ச்லாண்ட் என்ற ஜிஎம்பிஎச் நிறுவனத்தின் ஆண்டுக் கணக்கை வெளியிட வைக்க வேண்டும் என்று கேட்டார்கள். சங்கம் பங்குதாரரும் இல்லை, கடன் கொடுத்ததும் இல்லை. எனவே கீழ் நீதிமன்றங்களில் மனு எடுபடவில்லை. டியூசல்டார்ஃப் மேல் நீதிமன்றம், 'இந்த மூன்று பேர் விதி டைரக்டிவுக்கு ஒத்துப்போகிறதா?' என்று லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றத்திடம் கேட்டது.

1997 டிசம்பர் 4-ல் பதில் வந்தது: ஒத்துப்போகவில்லை. கம்பெனிக் கணக்கு வெளியாவது பங்குதாரருக்காகவும் கடன்காரருக்காகவும் மட்டுமல்ல, மூன்றாம் நபர்கள் யாராக இருந்தாலும் அவர்களுக்காகவும்தான் என்றது நீதிமன்றம்.

அப்போ டீலர்கள் ஜெயித்துவிட்டார்களா? அங்கேதான் சிக்கல். அதே தீர்ப்பு இன்னொன்றையும் சொன்னது: டைரக்டிவ் என்பது நாட்டுக்கு இடப்பட்ட கட்டளை, அதை மட்டும் வைத்துத் தனியார் ஒருவர் மீது கடமையைச் சுமத்த முடியாது. ஜெர்மன் அரசு சட்டத்தைச் சரியாக எழுதவில்லை என்றால் தப்பு அரசுடையது. அதற்காகக் கம்பெனியை நேரடியாகப் பிடிக்க முடியாது. சட்ட தர்க்கப்படி இது சரியாக இருக்கலாம். கணக்கு கேட்டவரின் இடத்திலிருந்து பார்த்தால், அரசின் தவறுக்கான விலையை அவர்தான் கொடுக்கிறார்.

இந்தச் சுவரைச் சுற்றிப் போக இரண்டு வழிகள் அதற்கு முன்பே உருவாகியிருந்தன. முதலாவது ஸ்பெயினிலிருந்து வந்தது. 1986-ல் ஐரோப்பியச் சமூகத்தில் சேர்ந்த ஸ்பெயின், அதே முதல் டைரக்டிவை உடனே சட்டமாக்கவில்லை. 'மார்லீசிங்' என்ற நிறுவனம், எதிர்த்தரப்புக் கம்பெனி தொடங்கப்பட்டதே செல்லாது என்று பழைய சிவில் சட்டத்தைக் காட்டி வாதாடியது. அது சொன்ன காரணமோ டைரக்டிவின் பட்டியலில் இல்லை. முடிந்த அளவுக்கு உள்நாட்டுச் சட்டத்தை டைரக்டிவின் வெளிச்சத்தில்தான் நீதிபதி வாசிக்க வேண்டும் என்று 1990-ல் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. ஆனால் ஜெர்மனியைப் போல 'இந்த மூன்று பேர்தான்' என்று பச்சையாக எழுதியிருக்கும் இடத்தில் இந்த வழி சுலபமாக எடுபடாது. இரண்டாவது வழி, 1991-ல் இத்தாலி சம்பந்தப்பட்ட 'ஃபிரான்கோவிச்' வழக்கில் வந்தது: டைரக்டிவை அமல்படுத்தாததால் நஷ்டம் என்றால் அரசிடமே இழப்பீடு கேட்கலாம். சரி, பார்க்காத பேலன்ஸ் ஷீட்டால் எவ்வளவு நஷ்டம் என்று எப்படி நிரூபிப்பது?

இதில் நமக்கும் ஒரு ஒற்றுமை உண்டு. சர்வதேச ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாலே இந்தியாவில் அது சட்டமாகிவிடாது. அரசமைப்பின் 253-வது பிரிவு அந்த வேலையை நாடாளுமன்றத்திடம் தருகிறது. பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 1993-ல் ஏற்றது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்குச் சட்டம் வந்தது 2013-ல். இடையில் 1997-ல் அந்த உடன்படிக்கையையும் துணைக்கு வைத்து விசாகா வழக்கில் வழிகாட்டு நெறிகளைத் தந்தது உச்ச நீதிமன்றம்தான்.

ஐரோப்பாவில் கூடுதலாக ஒன்று இருக்கிறது. கடமையைச் செய்யாத நாட்டின் மீது ஐரோப்பிய ஆணையமே வழக்குப் போடலாம்.

ஜெர்மனி என்ன சொன்னது?

ஆணையம் போட்டது. கணக்கை வெளியிடாத கம்பெனிகள் ஏராளம், எல்லோருக்கும் அபராதம் போடக் கிளம்பினால் அதிகாரிகளுக்குப் பெரும் சிரமம் என்றது ஜெர்மனி. கிட்டத்தட்ட எல்லோருமே சட்டத்தை மீறுவதால் சட்டத்தை அமல்படுத்த முடியாது என்பதுதான் இதன் பொருள். உள்நாட்டுச் சிரமத்தைக் காட்டித் தப்ப முடியாது என்று 1998 செப்டம்பர் 29-ல் தீர்ப்பு வந்தது.

அடுத்த ஆண்டு ஏப்ரலில் இன்னொரு தோல்வி. ஜெர்மனியில் 'ஜிஎம்பிஎச் அண்ட் கோ கேஜி' என்று ஒரு வகை உண்டு. பெயருக்குக் கூட்டு வணிகம். முழுப் பொறுப்பு ஏற்க வேண்டிய கூட்டாளி இடத்தில் மனிதருக்குப் பதில் ஒரு ஜிஎம்பிஎச் உட்கார்ந்திருக்கும். இவற்றையும் கணக்கு வெளியிடும் கடமைக்குள் இழுத்த டைரக்டிவ் 1990-ல் வந்தது. அதையும் ஜெர்மனி கெடுவுக்குள் சட்டமாக்கவில்லை.

2000-ல் சட்டம் மாறியது. யார் வேண்டுமானாலும் மனு போடலாம், அபராதம் 2,500 முதல் 25,000 யூரோ. அப்போதும் யாராவது மெனக்கெட்டு மனு போட வேண்டியிருந்தது. 2007 ஜனவரி 1 முதல்தான் அந்தத் தேவையும் போனது. பான் நகரில் உள்ள மத்திய நீதித்துறை அலுவலகம், கணக்குத் தராத கம்பெனிகளுக்குத் தானாகவே நோட்டீஸ் அனுப்பி ஆறு வாரம் கெடு கொடுக்கும். அதற்குள் தரவில்லை என்றால் அபராதம். முதல் டைரக்டிவ் வந்து அப்போது ஏறக்குறைய 39 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இன்று ஜெர்மன் கம்பெனி ஒன்றிடமிருந்து உங்களுக்கு ஆர்டர் வந்தால், 'உன்டர்நேமென்ஸ்ரெஜிஸ்டர்' என்ற அரசு இணையதளத்தில் பெயரைப் போட்டுத் தேடலாம். கணக்கு ஜெர்மன் மொழியில் இருக்கும், பார்க்கக் கட்டணம் இல்லை. சிறிய கம்பெனி என்றால் பேலன்ஸ் ஷீட் கிடைக்கும், லாப நஷ்டக் கணக்கை அவர்கள் வெளியிட வேண்டியதில்லை. மிகச் சிறிய கம்பெனிகளுக்கு 2012 முதல் இன்னொரு சலுகை: பேலன்ஸ் ஷீட்டைப் பதிவேட்டில் ஒப்படைத்து வைத்தாலே போதும். அதை மட்டும் நீங்கள் பணம் கட்டிக் கேட்டு வாங்க வேண்டும்.