அகராதி விளையாட்டு

அகராதி விளையாட்டு என்பது, கூடியிருப்பவர்களில் யாருக்கும் பொருள் தெரியாத ஒரு சொல்லுக்கு ஆளுக்கொரு பொய்ப்பொருள் எழுதி, அவற்றை மெய்ப்பொருளோடு கலந்து, மெய் எது என்று கண்டுபிடிக்கச் சொல்லும் வீட்டு விளையாட்டு. ஆங்கிலம் பேசும் நாடுகளில் பரவலாக ஆடப்படுகிறது; அங்கே இதற்கு 'ஃபிக்‌ஷனரி' என்றும் பெயருண்டு. தடித்த அகராதி ஒன்றும் தாளும் பென்சிலும் போதும்.

ஒவ்வொரு சுற்றிலும் ஒருவர் அகராதியைப் புரட்டி ஓர் அருஞ்சொல்லை எடுத்து, அதை உரக்கச் சொல்லி, எழுத்துக்கூட்டலையும் சொல்வார். மற்றவர்கள் அதற்குத் தாங்களே ஒரு பொருள் புனைந்து எழுதி அவரிடம் மடித்துக் கொடுப்பார்கள். அவர் அகராதிப் பொருளையும் ஒரு தாளில் எழுதி, எல்லாவற்றையும் கலைத்துப் போட்டு, ஒரே குரலில் வாசிப்பார். பிறகு வாக்கெடுப்பு. மெய்ப்பொருளைக் கண்டவருக்குப் புள்ளி உண்டு. தன் பொய்யை நம்பிய ஒவ்வொருவருக்காகவும் எழுதியவருக்குப் புள்ளி உண்டு. ஒருவருமே மெய்யைக் காணாவிட்டால் சொல் எடுத்தவருக்கு ஆதாயம். புள்ளிக்கணக்கு வீட்டுக்கு வீடு மாறும். வாசிப்பதற்கு முன் தாள்களை மனத்துக்குள் ஒருமுறை படித்துக்கொள்வது அவசியம். கையெழுத்து புரியாமல் ஓரிடத்தில் தடுக்கினால், அது அகராதியிலிருந்து வந்ததல்ல என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

ஆட்டத்தின் உயிர் பொய்ப்பொருளைப் புனையும் கலையில் இருக்கிறது. புதிதாக ஆடுபவர்கள் சொல்லின் ஓசையைப் பின்தொடர்ந்து போவார்கள். 'ஸ்னிக்கர்ஸ்னீ' என்ற சொல்லில் 'ஸ்னிக்கர்' என்றால் அடக்கிச் சிரிப்பது என்பதால், பாதிப் பேர் ஏதோ ஒருவகைச் சிரிப்பை எழுதிவிடுவார்கள். அதன் மெய்ப்பொருள் பெரிய கத்தி. குத்துவதையும் வெட்டுவதையும் குறித்த டச்சு மொழித் தொடரிலிருந்து வந்த சொல் அது. தேர்ந்த ஆட்டக்காரர் ஓசையைவிட அகராதியின் நடையைக் கவனிப்பார். அகராதி முதலில் பொருளின் இனத்தைச் சொல்லும், பிறகு அதை இனத்திலிருந்து பிரிக்கும் அடையாளத்தைச் சொல்லும். வியக்காது, விளக்கம் நீட்டாது, எதையும் நிரூபிக்க முயலாது. 'ஜார்ஃப்' என்ற சொல்லுக்கு 'பாலைவனத்தில் திடீரென்று வீசும் பயங்கரமான காற்று' என்று எழுதினால் அதில் கதை சொல்பவரின் குரல் கேட்கும். 'பாய்மரக் கயிறு உரசித் தேயாமலிருக்கச் சுற்றும் தோல் பட்டை' என்றால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். சிறியதாக, பயனுள்ளதாக, யாரும் புனைய நினைக்காத ஒரு பண்டமாக இருப்பதே அந்தப் பொய்யின் பலம். உண்மையான ஜார்ஃபும் அத்தகையதுதான்: கைப்பிடியில்லாத காப்பிக் கிண்ணத்தைச் சுடாமல் பிடிக்க உதவும் அலங்காரத் தாங்கி. சொல் அரபியிலிருந்து வந்தது.

மெய்ப்பொருளே நம்ப முடியாததாக இருக்கும் சொற்கள் ஆட்டத்தில் மிகவும் விரும்பப்படுபவை. 'யுகேலிகன்' என்றால் தீப்பற்றிய வீட்டுக்காரரான அண்டை வீட்டார். டிராய் நகரம் வீழ்ந்த இரவில் எரிந்த வீட்டின் சொந்தக்காரராக வர்ஜிலின் காவியத்தில் குறிப்பிடப்படும் முதியவரின் பெயர் அது. இதை வாசித்தால் அறையே சிரிக்கும், வாக்கு விழாது.

இந்த விளையாட்டு தொலைக்காட்சிக்கும் போனது. 'கால் மை பிளஃப்' 1965-இல் அமெரிக்காவில் தொடங்கி, அங்கே அந்த ஆண்டிலேயே நின்றது. பிரிட்டனில் அதே ஆண்டு பிபிசியின் இரண்டாம் அலைவரிசை எடுத்துக்கொண்டபோது நெடுங்காலம் நிலைத்தது. அணிக்கு மூவர், ஒரு சொல்லுக்கு மூவரும் ஆளுக்கொரு பொருள் சொல்வார்கள், ஒன்று மட்டும் மெய். ராபர்ட் ராபின்சன் பல ஆண்டுகள் நடுவராக இருந்தார். ஃபிராங்க் மியூரும் பேட்ரிக் கேம்பலும் அணித்தலைவர்கள். இங்கே பொய்யைத் தாளில் எழுதித் தப்ப முடியாது. முகத்தையும் குரலையும் வைத்து நம்பவைக்க வேண்டும். 1984-இல் கனடாவைச் சேர்ந்த லாரா ராபின்சனும் பால் டாய்னும் வீட்டு விளையாட்டைப் பெட்டியில் அடைத்து 'பால்டர்டாஷ்' என்று விற்பனைக்குக் கொண்டுவந்தனர். அகராதி தேவைப்படாமல் சொற்கள் அட்டைகளில் அச்சாகி வந்தன. அந்தப் பெயரே ஒரு நல்ல ஆட்டச்சொல்: இன்று உளறல் என்று பொருள்படுவது, முன்பு நுரைத்த நீரையும் பின்னர் கண்டபடி கலந்த மதுவையும் குறித்தது.

இதற்கு உறவான இன்னொரு முயற்சி, சொல்லை முதலில் வைத்துப் பொருள் தேடாமல், பெயரில்லாத அனுபவங்களுக்குச் சொல் தேடியது. டக்ளஸ் ஆடம்ஸும் ஜான் லாய்டும் 1983-இல் வெளியிட்ட 'தி மீனிங் ஆஃப் லிஃப்' ஊர்ப்பெயர்களை எடுத்து அப்படிப் பொருள் கொடுத்தது. ஷூபரினஸ் என்பது எசெக்ஸ் மாவட்டக் கடற்கரை ஊர். அந்நூலில் அது, முன்னால் உட்கார்ந்திருந்தவரின் சூடு மாறாத இருக்கையில் அமரும்போது வரும் கூச்சத்துக்குப் பெயராகிவிடுகிறது. இங்கே யாரையும் ஏமாற்றும் நோக்கமில்லை. எல்லாரும் அறிந்தும் பெயரிடாத ஒன்றை அடையாளம் காட்டுவதில்தான் இன்பம்.

அகராதி ஆசிரியர்களும் பொய்ச்சொல் புனைந்ததுண்டு. 2001-இல் வந்த நியூ ஆக்ஸ்ஃபோர்டு அமெரிக்க அகராதியில், அலுவல் கடமையை வேண்டுமென்றே தட்டிக்கழிப்பது என்ற பொருளில் 'எஸ்குவிவேலியன்ஸ்' என்ற சொல் இடம்பெற்றது. அதைப் புனைந்தவர் கிறிஸ்டின் லிண்ட்பெர்க் என்ற ஆசிரியர். தங்கள் அகராதியை யாராவது நகலெடுத்தால் இந்தச் சொல் காட்டிக்கொடுக்கும் என்பதே நோக்கம். 1975-ஆம் ஆண்டின் நியூ கொலம்பியா கலைக்களஞ்சியத்தில் லில்லியன் வர்ஜீனியா மவுண்ட்வீசல் என்ற, பிறக்கவே பிறக்காத பெண்ணின் வாழ்க்கைக் குறிப்பு இருந்தது. அதிலிருந்து இத்தகைய பொறிப்பதிவுகளுக்கே 'மவுண்ட்வீசல்' என்ற பெயர் ஏற்பட்டது.

எவரும் புனையாமலேயே பொய்ச்சொல் ஒன்று உருவானதும் உண்டு. அடர்த்தியைக் குறிக்கப் பெரிய டி அல்லது சிறிய டி எழுத்தைப் பயன்படுத்தலாம் என்று 1931-இல் வெப்ஸ்டர் அகராதிக்காக எழுதப்பட்ட குறிப்புச்சீட்டு, சுருக்கக்குறிகளின் கட்டுக்குப் போகாமல் சொற்களின் கட்டுக்குப் போய்விட்டது. 'டி அல்லது டி' என்பதை ஆங்கிலத்தில் எழுதிய 'டி ஆர் டி' என்ற எழுத்துகள் ஒட்டிக்கொண்டு 'டோர்ட்' என்ற சொல்லாகி, 1934-ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பில் இயற்பியல், வேதியியல் என்ற துறைக்குறிப்போடும் 'அடர்த்தி' என்ற பொருளோடும் அச்சாயின. அகராதிக்குரிய கோலம் எல்லாம் இருந்ததால் ஐந்தாண்டு எவரும் அதைக் கேள்வி கேட்கவில்லை. 1939-இல் ஒரு பதிப்பாசிரியர் அதற்குச் சொற்பிறப்புக் குறிப்பு இல்லாததைக் கண்டு தேடிப்போனபோதுதான் பிழை வெளிப்பட்டது. 1947-இல் அச்சிலிருந்து அந்தச் சொல் நீக்கப்பட்டிருந்தது.